ஜல்லி ஒரு பக்கெட் குறைச்சல்

நான் எட்டாவது வரை படித்தவள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரி மேடை மேல் ஏறும். கம்ப்யூட்டரில் எண் வரும். வண்டி நம்பரைத் தட்டிச் சீட்டு எடுத்துக் கொடுப்பேன். காலியாக ஒரு முறை, லோடோடு ஒரு முறை. பெரியதில் சிறியதைக் கழித்தால் சரக்கு. பதினோரு வருடமாக இதுதான்.

என் வீட்டுக்காரர் கடலோரத்தில் ஒரு பம்ப் ஹவுசில் காண்ட்ராக்ட் ஹெல்பர். அங்கே நாலு பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். நாற்பது வயது முடிந்திருக்கக் கூடாது. அவருக்கு ஐப்பசியில் நாற்பது முடிகிறது.

மற்ற பாடங்களைத் தனித்தேர்வராக எழுதி ஒரே தடவையில் தேறிவிட்டார். கணக்கு மட்டும் நின்றது. முதல் தடவை இருபத்தேழு. அடுத்த தடவை முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். ஆனி மாதப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். அதற்கு அடுத்தது ஐப்பசிக்கு அப்புறம்தான் வரும். அது வந்து பிரயோசனமில்லை.

செங்கல்பட்டில் ஒரு டியூஷனில் சேர்ந்தார். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் பஸ் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பசங்கல்லாம் அங்கிள் அங்கிள்னு மொத பெஞ்சுல குந்த வெச்சிட்டானுங்க" என்றார்.

அதற்குமேல் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் சொல்லித்தர வேறு ஆளும் இல்லை.

காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு எடை மேடைக்கு வருவார். அந்த நேரம் வண்டி குறைவு. குவாரி லாரிகள் படூர், நாவலூர் பக்கம் அடுக்குமாடி வேலைக்குக் காலையிலேயே போய்விடும். திரும்பி வர ஐந்தாகும். அந்த இரண்டரை மணி நேரமும் கேபினில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பார். படிப்பார் என்றால், கைடைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கிராஃப் எட்டு மார்க், ஜியாமெட்ரி எட்டு மார்க். இரண்டும் கை வேலை. பைப் அளந்து பழகிய கை அவருக்கு, அது வந்துவிட்டது. சின்னக் கேள்விகளில் ஒரு பத்து மார்க் தேறும். ஐந்து மார்க் கணக்கு ஒன்று வரும். இன்னும் ஒரே ஒரு ஐந்து மார்க் வேண்டும். பழைய கேள்வித் தாள்களைப் பார்த்தோம். x, y, z என்று மூன்று எழுத்து வைத்து மூன்று வரி கொடுத்து, எது எவ்வளவு என்று கேட்கிற கணக்கு அடிக்கடி வந்திருந்தது. அதைப் பிடித்தால் போதும்.

அதுதான் பிடிபடவில்லை.

ஒருநாள் கைடைத் தூக்கி டேபிள் மேல் போட்டார்.

"இன்னாய்யா?"

"இவன் ஒன்னுலேர்ந்து ரெண்ட கழின்றான். ஒன்னுலேர்ந்து ரெண்டு போனா மைனஸ் ஒன்னு. அது எங்கயும் காணோம். வேற என்னென்னமோ எழுதிகினு போறான்."

எடுத்துப் பார்த்தேன். வரிகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, 1-இலிருந்து 2-ஐக் கழிக்க என்று இருந்தது. எனக்கு x-உம் தெரியாது, y-உம் தெரியாது. ஆனால் அது தெரிந்தது.

"யோவ், அது சீட்டு நம்பர்யா. மொத சீட்டுலேர்ந்து ரெண்டாவது சீட்ட மொத்தமா கழிக்கிறான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கைடைப் பார்த்தார்.

பழைய சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஒரே லாரி, மூன்று நடை. முதல் நடையில் மணல் ஒரு பக்கெட், ஜல்லி ஒரு பக்கெட். மொத்தம் பதினொரு டன். இரண்டாவது நடையில் மணல் மூன்று, ஜல்லி இரண்டு. பதினாறு டன். மூன்றாவதில் மணல் நாலு, ஜல்லி ஐந்து. இருபத்தொன்று. லாரி எவ்வளவு, மணல் பக்கெட் எவ்வளவு, ஜல்லி பக்கெட் எவ்வளவு?

"ரெண்டாவதுலேர்ந்து மொத சீட்ட கழி. ஒரே லாரிதான, லாரி பூடும். இன்னா மீதி?"

"மணல் ரெண்டு. ஜல்லி ஒன்னு."

"எடை?"

"அஞ்சி."

"மூணாவதுலேர்ந்து ரெண்டாவத கழி."

"மணல் ஒன்னு, ஜல்லி மூணு. அதுவும் அஞ்சி."

அன்றைக்கு ஜல்லி ஒன்று, மணல் இரண்டு, லாரி எட்டு என்று அவரே கண்டுபிடித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் தினம் ஒரு சீட்டுக் கணக்கு நானே போட்டுக் கொடுத்தேன். அரை மணியானது. பிறகு இருபது நிமிடம். நான் சொன்ன விதி ஒன்றே ஒன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. மேடையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். லோடு முதலில் ஏறினாலும் காலி வண்டி முதலில் ஏறினாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு மதியம் அவர் நோட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு டிப்பர் வந்தது. டிரைவர் எங்கள் தெருக்காரன். இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ஆள் உள்ளே இருந்தால் எடை கூடும். இறங்கு என்று கத்தினேன். இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்தான். நோட்டைப் பார்த்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்த, அக்கா டீச்சராயிட்டாங்களா? முட்டி போட வெக்கலியா?"

அவர் நோட்டை மூடினார். எழுந்து போய்விட்டார்.

"உன் வேலையப் பாத்துகினு போடா" என்று சீட்டைக் கொடுத்தேன்.

"தமாசுக்குத்தான்கா சொன்னேன்."

நாலு நாள் அவர் மேடைப் பக்கம் வரவில்லை. வீட்டில் பேசவும் இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைப்பார். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவர் சாப்பாட்டுப் பையில் நோட்டை வைத்தேன். எடுத்து வெளியே வைக்கவில்லை. அன்று மதியம் வந்தார். ஸ்டூலை ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து கைடில் உள்ள கணக்குகளைப் போட ஆரம்பித்தார். நான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் பின்பக்க விடையோடு பொருந்தியது. இரண்டு தடவை பொருந்தவில்லை.

"கைடு தப்பு. அச்சுல உட்டுட்டான்" என்றார்.

நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கே நான் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பரீட்சையன்று காலை ஏழரை மணி பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டோம். நான் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். போன தடவை அவர் ஒரு மணி நேரத்தில் ஹாலைவிட்டு வெளியே வந்துவிட்டார். ஒரு கணக்கு குழம்பியதும் எல்லாம் போய்விட்டது என்று எழுந்துவிட்டார். இந்த முறை நான் வாசலில் இருந்தால் எழுந்து வரமாட்டார் என்று நினைத்தேன்.

அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டார். நோட்டு என் மடியில் இருந்தது. சும்மா புரட்டினேன். முந்தின நாள் ஒரு பழைய கேள்வித் தாளிலிருந்து போட்ட கணக்கு கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தாளுக்கு விடை கிடையாது. அவர் கீழே x = 1, y = −2, z = 5 என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்.

மைனஸ் இரண்டில் கண் நின்றது. ஒரு பக்கெட் மணல் மைனஸ் இரண்டு டன் எப்படி இருக்கும்?

மேடையில் சந்தேகம் வந்தால் மறு எடை போடுவோம். அதையே செய்தேன். விடையை வரிகளில் வைத்தேன். இரண்டாவது வரியில் ஒன்பது வர வேண்டும். வந்தது. மூன்றாவதில் பதினேழு வர வேண்டும். வந்தது. முதல் வரியில் பத்து வர வேண்டும். பூஜ்யம் வந்தது.

திரும்பவும் வைத்தேன். பூஜ்யம்தான்.

முதல் வரியில் ஒரு x, மூன்று y, ஒரு z. பத்து. இரண்டாவதில் ஒரு x, ஒரு y, இரண்டு z. ஒன்பது. அவர் கழித்து, இரண்டு y கூட்டல் ஒரு z ஒன்று என்று எழுதியிருந்தார். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. இரண்டில் ஒன்று போனால் ஒன்று. பத்தில் ஒன்பது போனால் ஒன்று. ஒவ்வொன்றிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருந்தார். நான் சொன்னபடி.

லாரியாக நினைத்துப் பார்த்தேன். முதல் வண்டியில் மணல் இரண்டு பக்கெட் கூட. ஆனால் ஜல்லி கூட இல்லை. ஒரு பக்கெட் குறைச்சல். நான் போட்டுக் கொடுத்த சீட்டுகளில் ஒரு வண்டி எப்போதும் மற்றதைவிட எல்லாவற்றிலும் பெரியது. ஒன்று கூடி ஒன்று குறைகிற மாதிரி நான் ஒரு நாளும் போடவில்லை. கைடு தப்பில்லை.

பஸ் திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டில் நின்றது. மணி எட்டு. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னால் கலங்கிவிடுவார். தெரிந்ததும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த ஐந்து மார்க் போய்விடும். அது இல்லாமல் முப்பத்தைந்து வராது. ஒருவேளை எல்லாம் பெரியதாக இருக்கிற கணக்கே வரலாம். அப்படி விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நோட்டை மறுபடி திறந்தேன்.

இறங்குவதற்குள் அந்தக் கணக்கை மனதிலேயே சரியாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் மூன்றா ஐந்தா என்று தெரியவில்லை. இரண்டையும் வைத்து மறு எடை போட்டேன். ஐந்து வைத்தால் மூன்று வரியும் பொருந்தியது. x ஒன்று, y இரண்டு, z மூன்று.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. மணி எட்டே முக்கால். ஒன்பதே முக்காலுக்கு கேட்டை மூடிவிடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"நான் சொல்லிக் குடுத்தது தப்பு."

"எது?"

"பெருசுலேர்ந்து சிறுச கழிக்கறது. எல்லாத்துக்கும் அது சரியா வராது."

அவர் டீயைக் கீழே வைத்தார். "இன்னாடீ சொல்ற?"

நோட்டைக் காட்டினேன். பூஜ்யம் வந்ததைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"இப்ப வந்து சொல்றியே. இப்ப வந்து சொல்றியே மே. ஒரு மாசமா இதத்தான போட்டுகினு கீறேன்."

"பஸ்ல வரசொல்லத்தான் பாத்தேன்."

"பாக்காம இருந்திருக்கலாமே."

எழுந்து ரோட்டைக் கடந்துவிட்டார். கேட் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் போகிற திசையில் நடந்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடுவார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஹால் டிக்கெட் என் பையில் இருந்தது.

அரை மணி நேரம் போனது. பையன்களும் பெண்களும் கூட்டமாக கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் கிளாசை எடுத்துக்கொள்ளலாமா என்றார். வேண்டாம், வருவார் என்றேன்.

ஒன்பதரைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சொல்லு" என்றார்.

ஹால் டிக்கெட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார். வெடுக்கென்று பிடுங்கினேன். அதில் கிறுக்கினால் பிட்டு என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். கடைக்காரரிடம் இரண்டு தட்டு, நாலு வடை, மூன்று பிஸ்கெட் கேட்டேன்.

ஒரு தட்டில் மூன்று வடை, ஒரு பிஸ்கெட். இன்னொன்றில் ஒரு வடை, இரண்டு பிஸ்கெட்.

"வடை மணல். பிஸ்கெட் ஜல்லி. மொத வண்டிய ரெண்டாவது வண்டியோட பாரு. இன்னா கூட கீது?"

"மணல் ரெண்டு."

"ஜல்லி?"

"ஒன்னு."

"கூடவா?"

தட்டுகளை மாறி மாறிப் பார்த்தார். "இல்ல. குறைச்சல்."

"அந்தக் குறைச்சல்தான் மைனஸ். கூடன்னா கூட்டல் போடு. குறைச்சல்னா மைனஸ் போடு. எது பெருசுன்னு பாக்காத. மொத வண்டியில கூடவா குறைச்சலான்னு மட்டும் பாரு."

"இன்னா அண்ணாத்த, வடைய எடை போட்டுத்தான் துன்னுவியா?" என்றார் கடைக்காரர். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்தத ரெண்டால பெருக்கினா நாலு z கீது. அதுலேர்ந்து இந்தக் குறைச்சல் ஒன்ன எப்டி கழிக்கறது? நாலுல ஒன்னு போனா மூணு."

"மூணு இல்ல, அஞ்சி."

"ஏன்?"

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டுப் பார்த்தால் ஐந்துதான் பொருந்துகிறது என்றேன். அவர் பிஸ்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டில் வாட்ச்மேன் விசில் ஊதினார்.

"சம்புல கோடு கீது" என்றார். தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறார். "கோட்டுக்குக் கீழ ஒரு அடி தண்ணி குறைச்சல். மேல நாலு அடி கூட. கீழேர்ந்து மேல எவ்ளோ? அஞ்சி அடி."

"ஆமா."

"அப்ப அஞ்சி."

"ஆமாய்யா. விடை வந்தா மூணு வரியிலயும் வெச்சிப் பாரு. ரெண்டு வரி ஒத்து வந்தாலும் நம்பாத. மூணும் பாரு. வர்லன்னா கூட்டல் மைனஸ்தான் எங்கயோ மாறிகீது."

ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடினார். கடைசி ஆளாக உள்ளே போனார். கேட்டை மூடினார்கள்.

வடையைச் சாப்பிட முடியவில்லை. பெஞ்சிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி ஆனது. போன தடவை அந்த நேரத்தில்தான் வெளியே வந்தார். வரவில்லை. பதினொன்றரைக்கு ஒரு ஆள் வந்தான். வேறு யாரோ. பன்னிரண்டுக்கு என் முதலாளி போன் செய்தார்.

"இன்னாமா, எப்ப வருவ? மூணு வண்டி நிக்குது. எனக்கு இந்த மிஷின் புடிபடல."

"அரை நாள் சொன்னேன் சார்."

"அரை நாள் ஆயிடுச்சேமா."

வைத்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. கூட்டத்தோடு வெளியே வந்தார். ரோட்டைக் கடந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"மைனஸ் வந்திச்சா?"

"வந்திச்சி."

"போட்டியா?"

"போட்டேன். வெச்சிப் பாத்தேன். ஒத்து வர்ல. அடிச்சிட்டு மறுபடி போட்டேன்."

"அப்புறம்?"

"வேற விடை வந்திச்சி. ரெண்டு வரி சரியா இருந்திச்சி. மூணாவது பாக்கறதுக்குள்ள பேப்பர புடுங்கிட்டாங்க."

பஸ்ஸில் நான் பார்த்த தப்பு விடைக்கும் இரண்டு வரி பொருந்தியது. அது அவருக்கும் தெரியும். அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கணக்கைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. ஒருநாள் அவர் வெற்றுப் பேப்பரில் அந்தக் கேள்வியை ஞாபகத்திலிருந்து எழுத முயன்றார். மூன்றாவது வரியின் எண் ஞாபகம் வரவில்லை. பேப்பரைக் கிழித்தார். நோட்டீஸில் சொன்ன நாலு இடத்துக்கு ஏழு பேர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ரிசல்ட் அன்று அவருக்கு ஷிப்ட். தன் போனில் பார்க்க மாட்டேன் என்றார். பிறந்த தேதியும் தேர்வு எண்ணும் என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மணிக்கு வரும் என்றார்கள். இரண்டு மணிக்கு மேடையில் ஒரு டிப்பர், பின்னால் இரண்டு. போனில் எண்ணைத் தட்டினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். சீட்டைக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது வந்திருந்தது.

கூப்பிட்டேன். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது.

"பாஸ்" என்றேன்.

அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று குரலை உயர்த்தினேன்.

"கேக்குதா? பாஸ். முப்பத்தெட்டு."

"இன்னோர் வாட்டி பாரு."

பிறந்த தேதியை மறுபடி தட்டினேன். முப்பத்தெட்டுதான். சொன்னேன்.

"அந்தக் கணக்கு சரியா இருந்திருக்கும்ல?"

முப்பத்தெட்டில் ஐந்து போனால் முப்பத்துமூன்று. ஆனால் எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று அதில் போடவில்லை.

"தெரியல" என்றேன். "நாளைக்கே போயி எழுதிக் குடு. நாள் கம்மியா கீது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் போய் எழுதிக் கொடுத்தார். மார்க் சீட் வந்ததும் நகல் கொடுத்தார். இரண்டு தடவை வேறு வேறு பேப்பர் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். புரட்டாசி பாதி போனது. ஐப்பசி நெருங்கியது. அவருக்குத் தூக்கம் இல்லை. எனக்கும்தான்.

புரட்டாசி கடைசி வாரம் ஆர்டர் வந்தது. அன்றைக்கு மேடையில் வண்டி அதிகம். ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிப் படித்தேன். பெயர் சரியாக இருந்தது. அப்பா பெயர் சரியாக இருந்தது. பிறந்த தேதி சரியாக இருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"மழை வர மாரி கீது. பைக்குள்ள வெச்சி எடுத்துகினு போ" என்றேன்.